சோம்பேறித்தனம் என்றொரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு நினைச்சு தள்ளிப்போட்ட விஷயம் இது. எப்பவும் போல கிரிக்கெட், பட்ஜெட், பஸ் கட்டணம்னு எதையாவது எழுதிட்டுப் போயிருக்கலாம். ஆனா இந்த விஷயத்துல நான் ஒருத்தனுக்குக் கடன்பட்டிருக்கேன். அதனால இந்தத் தடவை சொந்தக் கதை கொஞ்சம் தூக்கலா வரும், பொறுத்துக்கங்க.

போன ஏப்ரல் செமஸ்டர். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர், காலையில 10 மணிக்குப் பரீட்சை. ஹாஸ்டல் ரூம்ல நாங்க ரெண்டு பேர். என் ரூம்மேட்டை இந்தக் கட்டுரை முழுக்க 'நம்மாளு'ன்னே சொல்றேன், பேர் வேண்டாம். (படிச்சுக் காட்டி, சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதறேன்.) முந்தின நாள் சாயந்திரம் பூரா புத்தகத்தைத் திறந்து வெச்சுட்டு ஜன்னலையே பார்த்துட்டு இருந்தவன், ராத்திரி 1 மணிக்கு நான் கண்ணை மூடும்போது ஸ்டாண்டர்ட் காஸ்டிங் கணக்கை சரசரன்னு போட்டுட்டு இருந்தான். "காலையில எழுப்பி விட்ரு மச்சி"ன்னான். எட்டரைக்கு ஒரு தடவை தட்டினேன். "ம்"ன்னான். அவன் அலாரம் மூணு தடவை அடிச்சுது, மூணு தடவையும் அவனே நிறுத்தினான். அதுக்கு முந்தின வாரம்தான் இதே விஷயத்துக்காக எங்களுக்குள்ள பெரிய சண்டை. 'தினமும் எழுப்பி விட நான் என்ன இவனுக்கு ஆயாவா? ஒரு தடவை பட்டாத்தான் புத்தி வரும்'னு நினைச்சேன். கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்.

ஹால்ல அவன் பெஞ்ச் காலியா கிடந்ததைப் பார்த்துக்கிட்டேதான் மூணு மணி நேரமும் எழுதினேன். அவன் கண் முழிச்சது 11:40க்கு. அரியர்.

என்னை ஒரு வார்த்தை திட்டலை. "நீ எழுப்பினேல்ல மச்சி, தப்பு என்மேலதான்"னான். திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

நிற்க. பி.காம் படிக்காத புண்ணியவான்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டிரையல் பேலன்ஸ் போடும்போது ரெண்டு பக்கமும் டேலி ஆகலைன்னா, தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணுல போட்டு வெப்போம். அது தற்காலிக ஏற்பாடு. தப்பைக் கண்டுபிடிச்சதும் அந்தக் கணக்கை மூடிடணும். நம்ம ஊர்ல தூக்க விஷயத்துல 'சோம்பேறி'ங்கிற வார்த்தை அப்படி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். காலையில எழ முடியலையா? அதுல போடு. ராத்திரி தூக்கம் வரலையா? போனு, திமிரு, அதையும் அதுலயே போடு. ஆனா யாரும் அந்தக் கணக்கை மூடறதே இல்லை. பதட்டக் கோளாறும் கவனக் கோளாறும் இருக்கறவங்களோட தூக்கம் ஒழுக்கப் பிரச்சனை இல்லைங்க. அதை ஒழுக்கப் பிரச்சனையா நடத்தி நடத்தியே நாம அதை இன்னும் மோசமாக்கறோம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அவசரமா இருக்கறவங்க இத்தோட கிளம்பிக்கலாம் :-)

இருக்கறவங்களுக்கு: வள்ளுவர்கிட்ட வம்பு பண்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் மடியின்மை அதிகாரத்துல 605வது குறள்னு ஒண்ணு இருக்கு. காலம் தாழ்த்தறது, மறதி, சோம்பல், தூக்கம் இந்த நாலும் கெட்டுப் போறவன் ஆசைப்பட்டு ஏறுற கப்பல்னு பொருள். நம்மாளு ஒன்பதாவது படிக்கும்போது லேட்டா வந்ததுக்கு அதை 50 தடவை இம்போசிஷன் எழுதினானாம். இப்ப அந்த நாலையும் இன்னொரு தடவை பாருங்க. தள்ளிப்போடறது, மறந்து போறது, ஆரம்பிக்க முடியாம உட்கார்ந்திருக்கறது, நேரங்கெட்ட நேரத்துல தூக்கம். பரீட்சை முடிஞ்சு மே மாசம் அவங்க அம்மா அவனை ஒரு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கே நிரப்பச் சொன்ன கேள்வித்தாள் கிட்டத்தட்ட இதேதான். வள்ளுவர் பட்டியல்ல எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அந்த 'ஆசைப்பட்டு'ங்கிற ஒரு வார்த்தைதான் இடிக்குது.

டாக்டர் எடுத்தவுடனே மாத்திரை எழுதலை. பழைய ரேங்க் கார்டு எல்லாம் இருந்தா எடுத்துட்டு வாங்கன்னாராம். ஏன்னா ஏ.டி.ஹெச்.டி.ங்கிற கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு இருபது வயசுல திடீர்னு முளைக்கிறது இல்லை. 12 வயசுக்கு முன்னாடியே அதோட அடையாளங்கள் இருந்திருக்கணும்னு மருத்துவ வரையறையே சொல்லுது. சும்மா ரெண்டு மாசம் சரியாத் தூங்காம இருந்தாலே யாருக்கும் கவனம் சிதறும், மறதி வரும், எரிச்சல் வரும். அதைப் பார்த்துட்டு அவசரப்பட்டுப் பேர் வெச்சுடக் கூடாதுங்கறதுக்காகத்தான் இந்தக் கேள்வி. நம்மாளோட மூணாம் வகுப்பு ரேங்க் கார்டுல டீச்சர் எழுதியிருந்தது: 'கெட்டிக்காரன், ஆனால் வகுப்பில் இருப்பதில்லை'. வகுப்புலதான் இருந்திருக்கான் பாவம். அட்டெண்டன்ஸ் 96 சதவீதம்!

இதுல ஒரு விசித்திரம். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறிய வெச்சிருக்கற அமெரிக்கக் கையேட்டோட 1980ஆம் வருஷப் பதிப்புல, தூக்கத்துல ரொம்பப் புரண்டு அசையறதும் இந்தக் கோளாறோட அடையாளங்கள்ல ஒண்ணா இருந்துச்சு. அடுத்த பதிப்புல அதை எடுத்துட்டாங்க. அதனால இன்னைக்கு ஏ.டி.ஹெச்.டி.யை அடையாளம் காணற பட்டியல்ல தூக்கமே கிடையாது. ஆனா இந்தக் கோளாறு இருக்கறவங்களைக் கேட்டா முதல் புகாரே தூக்கம்தான். பதட்டக் கோளாறு கதை வேற. எதுக்கும் எப்பவும் கவலைப்பட்டுட்டே இருக்கற பொதுப் பதட்டக் கோளாறுக்கு அதே கையேட்டுல ஆறு அறிகுறி, அதுல தூக்கக் கோளாறும் ஒண்ணு, கவனம் நிக்காததும் ஒண்ணு. ஆக மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. எது முதல், எது வட்டின்னு பிரிக்கறதே பெரிய ஆடிட்டிங்.

சரி, நம்மாளு ஏன் தூங்க மாட்டேங்கறான்?

ராத்திரி ஆகப் போகுதுன்னு மூளை உடம்புக்கு அனுப்பற தாக்கீது மெலடோனின்ங்கிற ஹார்மோன். படுக்கிற நேரத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடியே அது சுரக்க ஆரம்பிச்சுடும். ஏ.டி.ஹெச்.டி.யோட தூக்கம் வராத தொல்லையும் சேர்ந்து இருக்கற பெரியவங்களை அளந்து பார்த்தப்ப, மத்தவங்களை விட அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தாமதமா ஆரம்பிக்கிறதை நெதர்லாந்து ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சாங்க. அந்தக் குழுவுல இருந்த சாண்ட்ரா கோய்ங்கிற மனநல மருத்துவர், ஏ.டி.ஹெச்.டி. உள்ளவங்கள்ல நாலுல மூணு பேருக்கு உடம்புக் கடிகாரம் பின்னாடி ஓடுதுன்னு சொல்றார். இதுக்கு மேல இன்னொரு சங்கதி. ஜெர்மனியில டில் ரோனபெர்க்னு ஒருத்தர், 2004ல் வந்த அவங்க ஆய்வுப்படி, மனுஷனோட தூக்க நேரம் வாழ்க்கையிலேயே ரொம்பத் தள்ளிப் போறது இருபது வயசு வாக்கில. அப்புறம் மெல்ல மெல்ல முன்னாடி வருது. அதாவது மக்களே, உங்க க்ளாஸ்ல இருக்கற எல்லாருக்குமே இப்ப கடிகாரம் லேட்டுதான். நம்மாளுக்கு அதுக்கும் மேல இன்னும் லேட்டு. ஹாஸ்டல்ல பத்தரைக்கு லைட் அணைக்கும்போது அவன் உடம்புக்கு இன்னும் சாயந்திரமே முடியலை. காலையில ஆறு மணி அலாரம் அவனுக்கு நடுராத்திரி அலாரம். நடுராத்திரி மூணரைக்கு யாராவது உங்களைத் தட்டினா நீங்களும் "ம்"னுதானே சொல்லுவீங்க?

இந்த இடத்துல நம்ம ஊர் 'நாலு மணிக்கு எழுந்து படிச்சாத்தான் மண்டையில ஏறும்' கோஷ்டிக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஏறினா சந்தோஷம். எல்லார் மண்டைக்கும் பிரம்ம முகூர்த்தம் ஒரே நேரத்துல வர்றதில்லை. அவ்வளவுதான்.

நம்மாளு அவன் பாஷையில சொன்ன விளக்கம் எனக்கு இதை விடப் பிடிச்சுது. "பகல் பூரா தலைக்குள்ள பஸ் ஸ்டாண்டு மச்சி. எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்துல ஹாரன் அடிக்கும். ராத்திரி பதினொண்ணுக்கு மேலதான் பஸ்ஸெல்லாம் போய் இடம் காலியாகும். அப்பதான் எனக்கு ஒரு வேலை ஓடும். ஓடற வேலையை நிறுத்திட்டுப் படுன்னா எப்படிப் படுப்பேன்?" நாள் பூரா எதுவும் செய்யலைங்கிற குற்ற உணர்ச்சியோட இருக்கறவன், ஒருவழியா வேலை நடக்கற நேரத்தைத் தூங்கி வீணாக்க மாட்டான். இதுக்குப் பேர் சோம்பேறித்தனமா?

இவ்வளவும் ஜூன் மாசம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சு, நல்லவனா மாறி, நிம்மதியா இருந்திருக்க வேண்டியதுதானே? ஜூன்லதான் என் முறை வந்துச்சு.

பள்ளிக்கூட நாள்லேர்ந்தே எதுக்கெடுத்தாலும் வயித்தைக் கலக்கற ரகம் நான். அந்த ஏப்ரலுக்கு அப்புறம் அது ராத்திரிக்குக் குடி வந்துடுச்சு. படுத்ததும் காலி பெஞ்ச். அப்புறம் ரிசல்ட். அப்புறம் வேலை கிடைக்குமா. அப்புறம் அப்பா வாங்கின படிப்புக் கடன், அதோட வட்டி. இதுல கொடுமை என்னன்னா, வட்டிக் கணக்கு எனக்கு நல்லா வரும். அதுக்கப்புறம் கவலையெல்லாம் பின்னாடி போய், தூக்கம் வராததே கவலை ஆயிடுச்சு. போனை எடுத்து மணி பார்ப்பேன். 1:10. 'இப்பத் தூங்கினா அஞ்சு மணி நேரம் கிடைக்கும்.' மறுபடி பார்ப்பேன், 2:25. 'நாலு கூட இல்லை.' மொத்தத்துல ராத்திரி பூரா உட்கார்ந்து தேய்மானக் கணக்கு. இப்படி மணி பார்க்கறதே தூக்கத்தைக் கெடுக்குதுன்னு 2007ல் ஆக்ஸ்ஃபோர்ட்காரங்க சோதனையே பண்ணிப் பார்த்திருக்காங்க. மணி பார்க்கச் சொன்ன கூட்டத்துக்குக் கவலையும் அதிகம், தூக்கம் வரவும் நேரமாச்சு.

வீட்டுக்கு போன் பண்ணினா அம்மா, "நேரமே படுத்துத் தூங்கு சாமி, எல்லாம் சரியாப் போகும்"னாங்க. பாசம்தான். நானும் நல்ல பிள்ளையா ஒன்பது மணிக்கே படுக்க ஆரம்பிச்சேன். அங்கேதான் மொத்தமாக் கெட்டுச்சு.

ஏன் கெட்டுச்சுன்னு சொல்றேன், இதுதான் முக்கியமான இடம். 1982ல் சூரிச்ல அலெக்சாண்டர் போர்பெய்ங்கறவர் தூக்கத்துக்கு ரெண்டு கணக்குப் புத்தகம் இருக்குன்னு ஒரு மாதிரி வகுத்தார். ஒண்ணு கடிகாரம், அதைத்தான் மேல பார்த்தோம். இன்னொண்ணு முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துக்கிட்டே வர்ற தூக்க அழுத்தம். பசி மாதிரின்னு வெச்சுக்கங்க. மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு ராத்திரி ஒன்பதுக்கே படுத்தா, பசியே இல்லாம இலை முன்னாடி உட்கார்ந்த கதை. படுக்கையில மணிக்கணக்கா முழிச்சுக் கிடக்கக் கிடக்க, மூளை ஒரு பாடத்தைக் கத்துக்குது: இந்த இடம் கவலைப்படறதுக்கான இடம். எனக்கு மெஸ்ல சாப்பிடும்போது கண் சொக்கும், ரூமுக்கு வந்து பாயைப் பார்த்தா நெஞ்சு படபடங்கும். தூக்கத்துக்குப் பாய் வேண்டாம்னு பெரியவங்க சொல்லுவாங்க. எனக்குப் பாய்தான் வில்லன்.

இதுக்கு வைத்தியம் கேட்டா நம்ப மாட்டீங்க. படுக்கையில இருக்கற நேரத்தைக் குறைக்கணும்! 1972ல் ரிச்சர்ட் பூட்ஸின்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் சொன்ன விதிகள் ரொம்ப எளிமை. தூக்கம் வந்தா மட்டும் படு. கொஞ்ச நேரத்துல தூங்கலைன்னா எழுந்து வெளியே போ. தூக்கம் வந்தா திரும்பி வா. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில அதே நேரத்துக்கு எழு. பகல்ல தூங்காதே. 1987ல் ஆர்தர் ஸ்பீல்மன் ஒரு படி மேல போய், நிஜமா எத்தனை மணி நேரம் தூங்கறியோ அத்தனை நேரம்தான் படுக்கைன்னு வெச்சார். இந்த ரெண்டையும், கவலையைக் கையாளற பயிற்சியையும் சேர்த்ததுதான் தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதல்ல, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி முதல்ல இதைத்தான் தரணும்னு சொல்லியிருக்கு. நம்ம வீட்டுல தர்ற 'நேரமே படு'ங்கற அறிவுரைக்கு இது நேர் எதிர்.

நம்மாளு பார்த்த அதே டாக்டர்கிட்ட நானும் போனேன். "தம்பி, உனக்கு ராத்திரி 12:30லேர்ந்து காலையில 6 மணி வரைக்கும்தான் படுக்கை. அதுக்கு வெளியில பாயைத் தொடக்கூடாது"ன்னார். அய்யோ, அந்த முதல் வாரம்! 11 மணிக்கு வராண்டாவுல நின்னுக்கிட்டே தூங்கி விழுந்தேன். வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்து ஏதோ காதல் தோல்வின்னு நினைச்சு டீ வாங்கிக் கொடுத்தார். (டீயைக் குடிக்கலை. அந்த நேரத்துக் காஃபின் பாதி கரையறதுக்கே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும்.) பத்தாவது நாள் 12:30க்குப் படுத்தேன், அடுத்து எனக்குத் தெரிஞ்சது அலாரம். சந்தோஷத்துல கொஞ்சம் அழுதேன்னு சொன்னா சிரிக்காதீங்க. அப்புறம் வாரத்துக்குக் கால் மணி நேரமா படுக்கை நேரத்தைக் கூட்டினார். இதை நீங்களா வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. வலிப்பு இருக்கறவங்க, இருமுனைக் கோளாறு இருக்கறவங்களுக்கு இது ஆபத்து. அந்த முதல் ரெண்டு வாரத்துல வண்டி ஓட்டறதும் வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயமும் உதவுச்சு. அமெரிக்காவுல பெய்லர் பல்கலைக்கழகத்துல 57 இளைஞர்களை வெச்சு ஒரு சோதனை, 2018ல் வெளிவந்துச்சு. படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், பாதிப் பேர் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதினாங்க, பாதிப் பேர் செஞ்சு முடிச்சதை எழுதினாங்க. செய்ய வேண்டியதை எழுதினவங்க சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினாங்க. நான் என்னமோ சாதிச்சதை நினைச்சாத்தான் நிம்மதி வரும்னு நினைச்சிருந்தேன். பாக்கியை பேப்பர்ல எழுதிட்டாத்தான் தலை அதை விடுது. ஜர்னல் என்ட்ரி போட்டாத்தான் கணக்கு முடியும்ங்கறது பி.காம்காரனுக்குப் புதுசா என்ன?

நம்மாளுக்கு வைத்தியம் வேற. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம், ஒரே லைட்டு, ஒரே 'தூங்க மாட்டேங்கறான்' புகார், ஆனா மருந்து வேற வேற. அவன் படுத்தா நல்லாத் தூங்கறான், நேரம்தான் தப்பு. அதனால கடிகாரத்தை முன்னாடி நகர்த்தணும். காலையில எழுந்ததும் மொட்டை மாடியில அரை மணி நேரம் வெயில். (நம்ம ஊர்ல இலவசமாக் கிடைக்கிற ஒரே மருந்து.) சாயந்திரம் சின்ன அளவு மெலடோனின், அதுவும் படுக்கும்போது இல்லை, பல மணி நேரம் முன்னாடி. இங்கே மெலடோனின் தூக்க மாத்திரையா இல்லை, கடிகார முள்ளைத் தள்ளற விரலா வேலை செய்யுது. 2021ல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வுல வெறும் 0.5 மில்லிகிராம் மெலடோனின் மூணு வாரத்துல கடிகாரத்தை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்துச்சு, கவனக் கோளாறு அறிகுறிகளும் 14 சதவீதம் குறைஞ்சுது. ஆனா மாத்திரையை நிறுத்தினதும் கடிகாரம் பழையபடி பின்னாடி போயிடுச்சுங்கறதையும் சொல்லணும், இல்லைன்னா ஏமாத்தினதாயிடும்.

என் க்ளாஸ்ல ஒரு தோழிக்கு மூணாவது கதை. அவளுக்கும் ஏ.டி.ஹெச்.டி. படுத்தா கால் ரெண்டும் குடையும், அசைச்சுக்கிட்டே இருந்தாத்தான் ஆகும். கவலைன்னும் சொன்னாங்க, துறுதுறுப்புன்னும் சொன்னாங்க. ரத்தப் பரிசோதனையில இரும்புச்சத்து சேமிப்பு பாதாளத்துல இருந்துச்சு. கால் குடைச்சல் நோய் இந்தக் கோளாறு உள்ளவங்ககிட்ட அதிகம், இரும்புச்சத்துக் குறைஞ்சா அது கூடும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நம்ம நாட்டுல 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எத்தனை பேரை நாம 'நிம்மதியா ஒரு இடத்துல படுக்கத் தெரியாதவ'ன்னு திட்டிட்டு இருக்கோமோ.

மாத்திரை பத்தி ஒரு வார்த்தை, ஹாஸ்டல் நண்பர்களுக்காக. 'சளி மாத்திரை ஒண்ணு போட்டா சொக்கும்' வைத்தியமும் தெரியும், 'அண்ணன் கடையில சீட்டு இல்லாமலே தருவார்' வைத்தியமும் தெரியும். அல்பிரசோலம், ஜோல்பிடெம் எல்லாம் 2014லேர்ந்து ஹெச்1 பட்டியல்ல இருக்கு. சீட்டு இல்லாம விக்கக் கூடாது, வித்ததைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். சட்டம் இவ்வளவு கெடுபிடி பண்றது சும்மா இல்லை. பதட்டக்காரனுக்கு அல்பிரசோலம் முதல் ராத்திரி சொர்க்கமாத்தான் இருக்கும். பழகிட்டு திடீர்னு நிறுத்தினா பதட்டமும் தூக்கமின்மையும் வட்டியோட திரும்பி வரும். கடன் கொடுக்கறவன் முதல்ல சிரிச்சுட்டேதான் கொடுப்பான்.

"எல்லாத்துக்கும் ஒரு நோய்ப் பேர் சொல்லித் தப்பிச்சுக்கறீங்கடா. ராத்திரி பூரா ரீல்ஸ் பார்த்துட்டு காலையில தூக்கம் வரலைங்கறது"ன்னு சித்தப்பா ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். போன் பார்க்கறவன் இருக்கான், நானே பார்த்திருக்கேன். ஆனா கொஞ்சம் கவனிச்சா வித்தியாசம் தெரியும். வெறும் போன்காரன் போனைக் கீழே வெச்ச அஞ்சாவது நிமிஷம் குறட்டை விடுவான். என் மாதிரி ஆளு லீவுல, வீட்டுல, பரீட்சை இல்லாதப்பவும் முழிச்சுக்கிடப்பான். நம்மாளு மாதிரி ஆளை லீவுல அவன் போக்குல விட்டா மூணு மணிக்குப் படுத்து பதினொண்ணு வரைக்கும் அருமையாத் தூங்குவான், எழுந்ததும் தெளிவா இருப்பான். ஒழுக்கம் கெட்டவனுக்கு லீவுல மட்டும் எப்படி எட்டு மணி நேரத் தூக்கம் ஒழுங்கா வருது? இதையெல்லாம் வெச்சு டாக்டர்தான் முடிவு சொல்லணும், நானோ சித்தப்பாவோ இல்லை.

சரி, அப்ப லேட்டா வர்றவனை எல்லாம் விட்டுடச் சொல்றியான்னா, இல்லை. அரியர் அரியர்தான், நம்மாளே அதை ஒத்துக்கறான். நான் கேக்கறது சின்ன விஷயம். எங்க காலேஜ்ல 75 சதவீத வருகைக்குக் குறைஞ்சா கூப்பிட்டு விசாரிப்பாங்க. அந்த விசாரணை எல்லாம் "ஏன் லேட்டு?"லதான் ஆரம்பிக்கும். அதுக்கு எந்தப் பையன்கிட்டயும் நல்ல பதில் கிடையாது. "ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வருது, லீவுல எப்படி?"ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும், பாதிப் பேரோட கதை வெளியே வந்துடும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 21 வகைப் பட்டியல்ல ஏ.டி.ஹெச்.டி. தனியா இல்லை. அதனால சலுகை கேக்க நம்மாளுகிட்ட ஒரு காகிதமும் இல்லை. சலுகை வேண்டாம், விசாரிக்கற முறையையாவது மாத்துங்கன்னுதான் கேக்கறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, செலவில்லாம போகலாம். நேர்ல போகக் கூச்சமா இருந்தா 14416க்கு போன் பண்ணலாம். 2022ல் மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கிடக்கறவனுக்கு அந்த 'எந்நேரமும்'ங்கற வார்த்தையோட அருமை தெரியும்.

எனக்கு முழுசா சரியாயிடுச்சான்னா, இல்லை. போன வாரம்கூட ரெண்டு ராத்திரி வராண்டாவுலதான் போச்சு. நம்மாளுக்கு இப்ப ஒரு மணிக்குத் தூக்கம் வருது, முன்னாடி மூணு. காலையில நான் ஒரு தடவை தட்டிட்டுப் போறதில்லை. உட்கார வெச்சு, ஜன்னலைத் திறந்து, காலைத் தரையில வைக்கிற வரைக்கும் நிக்கறேன். நவம்பர்ல காஸ்ட் அக்கவுண்டிங் அரியர் பேப்பர் மறுபடி வருது. நேத்துதான் டைம்டேபிள் போட்டாங்க. அரியர் பேப்பர் எல்லாம் மத்தியானம் ரெண்டு மணிக்காம். அதைக் கேட்டதும் நம்மாளு கடைக்குப் போய் கால் கிலோ மைசூர்பா வாங்கிட்டு வந்துட்டான் :-)